செடிச் சாற்றிலிருந்து புற்றுநோய் மருந்து தேடுவது எப்படி: ஆய்வக வழிகாட்டி

ஒரு கிராம் வின்பிளாஸ்டின் என்ற புற்றுமருந்து எடுக்க ஏறக்குறைய அரை டன் காய்ந்த நித்தியகல்யாணி இலை வேண்டும். ரத்தப் புற்றுக்கு இன்றும் கொடுக்கப்படும் வின்கிரிஸ்டின் அதைவிட அரிது. தென் மாவட்டங்களில் மானாவாரியாக வளர்கிற அதே செடிதான். இந்தக் கணக்கைத் தொடக்கத்திலேயே மனதில் பதித்துக்கொண்டால் பின்னால் வரும் ஏமாற்றங்களில் பாதி குறையும். சாற்றில் மருந்தாகக்கூடிய கூறு இம்மியளவுதான். மீதியெல்லாம் டானின், குளோரோஃபில், சர்க்கரை, சப்போனின். செல் வளர்க்கும் பிளேட்டில் செல் செத்தால், கொன்றது அந்த இம்மியா, இந்த மீதியா என்று பிரித்தறிவதுதான் வேலை. கீழே வரும் ஒவ்வொரு படியும் பொய்யான நம்பிக்கையைக் கூடிய சீக்கிரம், குறைந்த செலவில் கழித்துக்கட்டுவதற்காக அமைந்தது.

இது ஆய்வக மாணவர்களுக்கானது, சிகிச்சைக் குறிப்பு அல்ல. கீமோ எடுப்பவர்கள் மூலிகைச் சாற்றைத் தாங்களாகச் சேர்த்துக்கொள்வது ஆபத்து. பச்சைத் தேயிலையில் உள்ள ஈ.ஜி.சி.ஜி. என்ற கூறு போர்டிசோமிப் என்ற புற்றுமருந்தோடு நேரடியாகப் பிணைந்து அதைச் செயலிழக்கச் செய்வது செல்லிலும் சுண்டெலியிலும் காட்டப்பட்டிருக்கிறது. செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்ற மூலிகையோ இரினோடீகான் என்ற கீமோ மருந்தின் செயல்படும் வடிவத்தை நோயாளியின் ரத்தத்தில் குறைத்துவிடுகிறது.

செடியும் காகிதமும்

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொடியில் ஆய்வைத் தொடங்காதீர்கள். கீழாநெல்லி என்று விற்கப்படும் மூட்டையில் ஃபில்லாந்தஸ் பேரினத்தின் பல இனங்கள் கலந்திருப்பது தெரிந்த சங்கதி. பூவோ காயோ உள்ள கிளையாகப் பறித்து, அழுத்திக் காயவைத்து, வகைப்பாட்டியல் வல்லுநரிடம் காட்டி, ஹெர்பேரியத்தில் (உலர்செடிச் சேமிப்பகத்தில்) வைத்து எண் வாங்குங்கள். கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் அளவாய்வகத்தின் தென்மண்டல மையம் இதற்கு நல்ல இடம். பறித்த இடம், தேதி, எந்த உறுப்பு என்று எழுதிவையுங்கள். மழைக்கு முன் பறித்த இலையும் பின் பறித்ததும் ஒரே அளவு ஆல்கலாய்டு (வின்பிளாஸ்டின் போன்ற காரக் கூறு) தராது. இரண்டாம் முறை பறித்த சாறு வேலை செய்யவில்லை என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

காட்டில் பறிக்க வனத்துறை அனுமதி வேண்டும். மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதாக இருந்தாலோ காப்புரிமை கேட்பதாக இருந்தாலோ, 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பன்மைச் சட்டம் குறுக்கே வரும். அது 2023-இல் திருத்தப்பட்டிருப்பதால் சீனியர் மாணவர் கொடுத்த பழைய படிவத்தை நம்பாமல், சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடப்பு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிழலில், 40 டிகிரிக்கு மிகாமல், காற்றோட்டமாக உலர்த்துங்கள். ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அவசரப்பட்டு ஈரத்தோடு டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை நச்சும் செல்லைக் கொல்லும். அப்புறம் நீங்கள் ஆராய்வது செடியை அல்ல.

சாறு எடுத்தல்

100 கிராம் பொடிக்கு 1 லிட்டர் மெத்தனால். கண்ணாடிக் குடுவையில், அறை வெப்பநிலையில், ஷேக்கரில் 24 மணி நேரம். வடிகட்டி, புதிய மெத்தனால் ஊற்றி இன்னும் இரண்டு முறை. மூன்றையும் சேர்த்து ரோட்டரி எவாப்பரேட்டரில், நீர்க்குளியல் 40 டிகிரிக்கு மேல் போகாமல் வற்றவைக்க வேண்டும். இலை என்றால் 5 முதல் 15 கிராம் வரை பிசின் போலக் கிடைக்கும். சாக்ஸ்லெட் (கொதிக்கும் கரைப்பான் சுழன்று சாறு இறக்கும் கருவி) வேகமானதுதான், ஆனால் மணிக்கணக்கில் கொதிக்கும் குடுவையில் சூடு தாங்காத கூறுகள் சிதையும். முதல் சுற்றுக்கு அது வேண்டாம்.

அடுத்து பிரித்தல். 10 கிராம் பிசினை 90 சதவீத மெத்தனால் 200 மில்லியில் கரைத்து, ஹெக்சேனால் மூன்று முறை குலுக்கினால் கொழுப்பும் மெழுகும் பச்சையத்தில் ஒரு பகுதியும் விலகும். பிறகு நீர் சேர்த்து மெத்தனாலை 60 சதவீதத்துக்கு இறக்கி, டைகுளோரோமீத்தேனால் மூன்று முறை. மெத்தனாலை வற்றவைத்து, மிஞ்சிய நீர்ப்பகுதியை எத்தில் அசிடேட் கொண்டும், கடைசியில் பியூட்டனால் கொண்டும் குலுக்குங்கள். சப்போனின் நிறைந்த செடியில் பிரிபுனலில் நுரை கட்டி, அடுக்கு பிரியாது. கொஞ்சம் உப்பு நீர் சேர்த்துப் பாருங்கள். அசையாவிட்டால் சென்ட்ரிஃபியூஜில் போடுங்கள், குலுக்கிக் குலுக்கி நுரையைக் கூட்டாதீர்கள். ஆல்கலாய்டுதான் குறி என்றால் தனி வழி: 2 சதவீத அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, அம்மோனியாவால் பி.எச். 9–10 ஆக்கி, டைகுளோரோமீத்தேனில் இழுத்துவிடலாம்.

பல ஆய்வகங்கள் தாண்டிப்போகும் ஒரு படி வெற்றுச் சாறு. செடியே போடாமல், அதே மெத்தனால், அதே குடுவை, அதே குழாய், அதே வற்றவைப்பு. அடியில் மிஞ்சுகிற எச்சத்தையும் டி.எம்.எஸ்.ஓ.வில் (டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பானில்) கரைத்து செல்லில் போடுங்கள், கூறுகளைப் பிரித்து நிறை பார்க்கும் ஜி.சி.எம்.எஸ்.ஸிலும் ஓட்டுங்கள். பிளாஸ்டிக் குழாயிலிருந்தும் மலிவான கரைப்பானிலிருந்தும் இறங்கும் தாலேட்டுகள் (பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் வேதிப்பொருட்கள்), ‘தாவரத்தில் கண்டறியப்பட்ட புற்றெதிர்ப்புக் கூறு’ என்ற பெயரில் எத்தனையோ கட்டுரைகளில் உட்கார்ந்திருக்கின்றன.

டானினை இப்போதே தள்ளிவிடுவது நல்லது. ஒரு சொட்டு 1 சதவீத ஃபெர்ரிக் குளோரைடில் சாறு கருநீலமாகவோ கரும்பச்சையாகவோ மாறினால் பாலிஃபீனால் ஏராளம் என்று அர்த்தம். பாலிஅமைடு கட்டையில் (காலம் எனப்படும் பிரிப்புக் குழாயில்) மெத்தனாலோடு ஓட்டினால் டானின் ஒட்டிக்கொண்டு நிற்கும், மற்றவை இறங்கும். டானின் புரதங்களை மொத்தமாகப் பற்றி வீழ்படிவாக்குவது. அதை விட்டுவைத்தால் எந்த என்சைம் சோதனையிலும் ‘பிரமாதமான’ தடுப்பானாகத் தெரியும்.

ஸ்டாக் கரைசல்: 100 மைக்ரோகிராம்/மி.லி. வரை சோதிக்கப்போகிறீர்கள், டி.எம்.எஸ்.ஓ. 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றால், ஸ்டாக் 100 மில்லிகிராம்/மி.லி. இருக்க வேண்டும். அவ்வளவு கரையவில்லை என்றால் மேல்வரம்பைக் குறையுங்கள், டி.எம்.எஸ்.ஓ.வைக் கூட்டாதீர்கள். தொடர் நீர்த்தலை மீடியத்தில் (செல் வளர்ப்பு நீர்மத்தில்) செய்யாமல் டி.எம்.எஸ்.ஓ.விலேயே செய்துவிட்டு, ஒவ்வொன்றையும் 1:1000 ஆக மீடியத்தில் கலக்குங்கள். அப்போதுதான் எல்லா வெல்லிலும் (பிளேட்டின் குழியிலும்) டி.எம்.எஸ்.ஓ. ஒரே அளவு இருக்கும். சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து உறைநிலையில் வையுங்கள். டி.எம்.எஸ்.ஓ. காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஒரே குப்பியைப் பத்து முறை திறந்து மூடினால் செறிவு நீங்கள் எழுதிவைத்ததாக இருக்காது.

செல்

கே.பி. என்றும் ஹெப்-2 என்றும் சாங் லிவர் என்றும் விற்கப்படுபவை உண்மையில் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்த ஹீலா செல்கள். ஹெப்-2 குரல்வளைப் புற்று என்றும், சாங் லிவர் ‘இயல்பான கல்லீரல் செல்’ என்றும் எழுதிய ஆய்வு, கருப்பைவாய்ப் புற்றையே இரண்டு பெயரில் சோதித்ததாகத்தான் முடியும். எம்.டி.ஏ.-எம்.பி.-435 நெடுங்காலம் மார்பகப் புற்று என்று ஓடிவந்தது, அது மெலனோமா. செல்லை பக்கத்து ஆய்வகத்தில் கேட்டு வாங்காமல் புனேயில் உள்ள தேசிய உயிரணு அறிவியல் மையம் போன்ற இடத்திலிருந்து வாங்கி, எஸ்.டி.ஆர். என்ற டி.என்.ஏ. அடையாளச் சோதனைச் சான்றைக் கோப்பில் வையுங்கள். மாதம் ஒருமுறை மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிருக்கு பி.சி.ஆர். செய்யுங்கள். அது மீடியத்தைக் கலங்க வைக்காது, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் செல்லின் வளர்சிதை மாற்றத்தை மாற்றி எம்.டி.டி. (உயிருள்ள செல் ஊதாவாக்கும் சாயச் சோதனை) அளவுகளையே புரட்டிவிடும். உறையிலிருந்து எடுத்து 20 பாசேஜுக்குள் (மறுவளர்ப்புக்குள்) வேலையை முடித்துக்கொண்டு புதுக் குப்பியைத் திறங்கள்.

எம்.டி.டி.: செய்முறையும் அதன் பொய்களும்

96 வெல் பிளேட்டில் ஒரு வெல்லுக்கு 100 மைக்ரோலிட்டரில் 5,000 செல். வேகமாகப் பெருகுவதென்றால் 3,000, மெதுவானதென்றால் 8,000. கட்டுப்பாட்டு வெல் கடைசி நாளில் 80–90 சதவீத நெருக்கத்தைத் தாண்டக்கூடாது, அதற்கு முதலில் எண்ணிக்கைச் சோதனை ஒன்றை ஓட்டி நேர்கோடு எங்கே வளைகிறது என்று பாருங்கள். 24 மணி நேரம் ஒட்டவிட்டு, மருந்தோடு 72 மணி. எட்டு செறிவு, மும்மடங்கு இடைவெளியில், ஒவ்வொன்றும் மூன்று வெல். ஓரத்து 36 வெல்லிலும் செல் போடாமல் வெறும் பி.பி.எஸ். (உப்புத் தாங்கல் கரைசல்) ஊற்றுங்கள். மூன்று நாளில் ஓரம் வற்றி மருந்துச் செறிவு கூடிவிடும் என்பதால்தான் இது. முடிவில் 5 மி.கி./மி.லி. எம்.டி.டி. கரைசல் 10 மைக்ரோலிட்டர் சேர்த்து 3–4 மணி நேரம். மீடியத்தை மெதுவாக எடுத்துவிட்டு 100 மைக்ரோலிட்டர் டி.எம்.எஸ்.ஓ. ஊற்றி, 10 நிமிடம் குலுக்கி, 570 நானோமீட்டரில் அளந்து 630-ஐக் கழியுங்கள்.

மருந்து சேர்த்த ஒரு மணி நேரத்தில் பிளேட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள். அதிகச் செறிவு வெல்லில் ஊசி ஊசியாகவோ எண்ணெய்த் துளியாகவோ தெரிந்தால் கூறு கரையாமல் செல் மேல் படிந்துவிட்டது. அந்தச் செறிவின் எண்ணுக்கு மதிப்பில்லை, வளைகோட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

எம்.டி.டி. பொய் சொல்லும் இடம் இரண்டு. ஒன்று, குவர்செடின் போன்ற பாலிஃபீனால்கள் செல்லின் உதவியின்றி எம்.டி.டி.யை நேரடியாக ஊதா நிறமாக்கும். செல் செத்திருக்கும், எண் உயிரோடு இருப்பதாகக் காட்டும். செல் இல்லாத வெல்லில் சாறும் எம்.டி.டி.யும் மட்டும் போட்ட கட்டுப்பாடு ஒவ்வொரு பிளேட்டிலும் இருக்க வேண்டும். இரண்டாவது, மைட்டோகாண்ட்ரியாவைத் தற்காலிகமாக முடக்கும் கூறு செல்லைக் கொல்லாமலேயே நிறத்தைக் குறைக்கும். எனவே ஒரே முறையை நம்பாமல் சல்ஃபோரோடமின்-பி சோதனையையும் செய்யுங்கள். குளிர்ந்த 50 சதவீத டி.சி.ஏ. (டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம்) 25 மைக்ரோலிட்டர் சேர்த்து 4 டிகிரியில் ஒரு மணி நேரம், கழுவி உலர்த்தி, 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 0.4 சதவீதச் சாயம், கழுவி, 10 மில்லிமோலார் டிரிஸில் கரைத்து அளவிடுவது. புரதத்தை அளப்பதால் நிறமாற்றப் பொய் இதில் இல்லை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் தன் 60 செல் லைன் சோதனையைப் பல ஆண்டுகள் இதைக் கொண்டே நடத்தியது.

அந்த நிறுவனத்தின் முறையில் கவனிக்க வேண்டியது தொடக்க நாள் பிளேட். மருந்து சேர்க்கும் நேரத்திலேயே ஒரு பிளேட்டை நிறுத்தி அளந்துவிடுவார்கள். எதற்கு? கட்டுப்பாட்டு செல் 72 மணி நேரத்தில் 8 மடங்காகிறது என்று வையுங்கள். மருந்து போட்ட வெல்லில் அதில் பாதி, அதாவது 50 சதவீதம். தொடக்கத்தோடு ஒப்பிட்டால் அது 4 மடங்கு வளர்ச்சி. ஒரு செல்கூடச் சாகாமலிருக்கலாம். ஆனால் ‘50 சதவீத செல்கள் இறந்தன’ என்றே ஆய்வேடுகளில் எழுதப்படுகிறது. தொடக்க நாள் அளவு கையில் இருந்தால்தான் வளர்ச்சி தடைப்பட்டதா, செல் செத்ததா என்று சொல்ல முடியும்.

‘இயல்பு செல்லுக்குத் தீங்கில்லை’ என்ற வாக்கியமும் இதே குழியில்தான் விழுகிறது. வீரோ செல் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகம், அதை மனித இயல்பு செல்லுக்கு மாற்றாக வைப்பதில் பொருளில்லை. மனிதத் தோல் ஃபைப்ரோபிளாஸ்ட் வைத்தாலும், அது மெதுவாகப் பெருகுவது. பெருகுவதைத் தடுக்கும் எந்தக் கூறும் அதை விட்டுவைத்தது போலத் தெரியும். வளர்ச்சி வேகத்துக்குச் சரிக்கட்டிய கணக்கைக் கொடுக்காமல் தேர்வுத்திறன் எண்ணை (இயல்பு செல்லுக்கும் புற்று செல்லுக்கும் தேவைப்படும் செறிவுகளின் விகிதத்தை) மட்டும் எழுதினால், கூர்ந்த நடுவர் திருப்பி அனுப்பிவிடுவார்.

எந்த எண் நல்ல எண்? அதே அமெரிக்க நிறுவனத்தின் பழைய அளவுகோல்படி, முழுச் சாறு 20–30 மைக்ரோகிராம்/மி.லி.க்குள்ளும், தூய கூறு 4 மைக்ரோகிராம்/மி.லி.க்குள்ளும் பாதி வளர்ச்சியைத் தடுக்க வேண்டும். 150, 200-இல் கொல்கிற சாற்றைச் ‘சிறந்த செயல்திறன்’ என்பது பேராசை. பாக்ளிடாக்செல் என்ற புற்றுமருந்தை ஒவ்வொரு பிளேட்டிலும் ஒப்பீட்டு மருந்தாக ஓட்டுங்கள். அதன் மதிப்பு உங்கள் ஆய்வகத்தின் வழக்கமான எண்ணிலிருந்து மூன்று மடங்குக்கு மேல் நகர்ந்தால், சாற்றின் முடிவு எவ்வளவு அழகாக இருந்தாலும் பிளேட்டைத் தூக்கிப்போடுங்கள்.

கூறைப் பிரிப்பதற்கு முன் ஒரு பார்வை

செயல்படும் பின்னத்தை (பிரித்தெடுத்த பகுதியை) சிலிகா கட்டையில் ஏற்றுவதற்கு முன், கூறுகளின் நிறையைக் காட்டும் எல்.சி.எம்.எஸ். ஓட்டுங்கள். நேர்மின் முறையில் நிறை எண் 811.4 தெரிந்தால் வின்பிளாஸ்டினாக இருக்க வாய்ப்பு, 349.1 என்றால் கேம்ப்டோதீசின், 303 என்றால் குவர்செடின். எதிர்மின் முறையில் 455.35 வந்தால் உர்சாலிக் அல்லது ஓலியானோலிக் அமிலம், 169 காலிக் அமிலம். கடைசி நான்கையும் ஆயிரம் பேர் ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். ஆறு மாதம் கட்டை ஓட்டி உர்சாலிக் அமிலத்தைத் திரும்பக் கண்டுபிடிக்கும் வேதனையை ஒரு மணி நேர ஓட்டம் மிச்சப்படுத்தும்.

பிறகு சிலிகா: மாதிரியின் எடைக்கு 30 மடங்கு, ஹெக்சேனில் தொடங்கி எத்தில் அசிடேட், மெத்தனால் என்று படிப்படியாக. ஒவ்வொரு பின்னத்தையும் எடைபோட்டு, டி.எல்.சி. (மெல்லடுக்குப் பிரிப்பு) பார்த்து ஒன்றுசேர்த்து, செல்லில் சோதித்து, செயல் எங்கே போகிறதோ அதைத் தொடருங்கள். ஏற்றிய எடையில் 80 சதவீதமாவது இறங்க வேண்டும். எடை வந்து செயல் வரவில்லை என்றால், கூறு சிலிகாவின் அமிலத்தன்மையில் சிதைந்திருக்கலாம், அல்லது இரண்டு கூறு சேர்ந்தால்தான் வேலை செய்திருக்கலாம். அடுத்தடுத்த பின்னங்களை மறுபடி கலந்து சோதித்தால் எது என்று தெரிந்துவிடும்.

தூய்மை 95 சதவீதம் போதும் என்ற வழக்கம் இங்கே காப்பாற்றாது. உங்கள் கூறு 10 மைக்ரோமோலாரில் கொல்கிறது, அதில் 0.1 சதவீதம் வின்கிரிஸ்டின் போன்ற நஞ்சு ஒட்டியிருக்கிறது என்றால், வெல்லில் அந்த நஞ்சு 10 நானோமோலார் இருக்கும். அது மட்டுமே கொல்லப் போதும். வேறு முறையில் மறுபடி தூய்மைப்படுத்தியோ, வெளியில் வாங்கிய அல்லது செயற்கையாகத் தயாரித்த அதே கூறை வைத்தோ செயலை உறுதிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

மஞ்சளின் பாடம்

குர்குமினைப் பற்றிய கட்டுரைகள் ஆயிரக்கணக்கில். மருந்தாக அங்கீகாரம் பெற்றது எதுவும் இல்லை. காரணம் வேதியியலிலேயே இருக்கிறது. உடல் வெப்பநிலையில், பி.எச். 7.2 கொண்ட, சீரம் இல்லாத கரைசலில் அரை மணி நேரத்தில் அதன் பெரும்பகுதி சிதைந்துவிடும். தானே ஒளிரும், உலோகத்தைப் பிடிக்கும், புரதங்களின் தயோல் குழுவோடு வினைபுரியும். எந்தச் சோதனையில் போட்டாலும் ‘செயல்படுகிறது’ என்று விடை வரும். நாளொன்றுக்கு 8 கிராம் விழுங்கவைத்த சோதனைகளிலும் ஒரு மி.லி. ரத்தத்தில் நானோகிராம் அளவில்தான் தென்பட்டது.

உங்கள் கூறும் இந்த வகையா என்று பார்க்க மூன்று மலிவான சோதனைகள் போதும். மீடியத்தில் கேட்டலேஸ் என்சைம், மி.லி.க்கு 100 அலகு, சேர்த்துப் போடுங்கள். செயல் மறைந்தால், கொன்றது கூறல்ல, மீடியத்தில் அது தானாக ஆக்சிஜனேற்றமடைந்து உண்டாக்கிய ஹைட்ரஜன் பெராக்சைடு. ஈ.ஜி.சி.ஜி., காலிக் அமிலம் இரண்டும் இப்படித்தான் ஏமாற்றும். என்சைம் தடுப்புச் சோதனையில் 0.01 சதவீத டிரைட்டான் எக்ஸ்-100 சேர்த்ததும் தடுப்பு போய்விட்டால், கூறு திரண்டு கூழ்மமாகி என்சைமை விழுங்கியிருக்கிறது. மூன்றாவது, செல் இல்லாத மீடியத்தில் கூறை 37 டிகிரியில் வைத்து 0, 1, 4, 24 மணி நேரத்தில் எச்.பி.எல்.சி.யில் (கூறின் அளவைக் காட்டும் நீர்மப் பிரிப்புக் கருவியில்) பாருங்கள். நான்கு மணி நேரத்திலேயே பாதி இல்லை என்றால் செயல்படுவது எது என்பது உங்களுக்கே தெரியாது.

கூடவே ஒரு பெருக்கல். பெரியவர் உடலில் ரத்தம் சுமார் 5 லிட்டர். 100 மைக்ரோகிராம்/மி.லி. வேண்டுமென்றால் ரத்தத்தில் மட்டும் எந்நேரமும் அரை கிராம் நிற்க வேண்டும், கல்லீரல் அழிப்பதும் திசு இழுப்பதும் புரதம் பிடித்துக்கொள்வதும் போக.

எதைத் தாக்குகிறது

அனெக்சின் சோதனை, காஸ்பேஸ், டி.என்.ஏ. ஏணி ஆகியவை செல் எப்படிச் செத்தது என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. எதைத் தாக்கினாலும் கடைசியில் அபோப்டோசிஸ்தான் (செல்லின் திட்டமிட்ட சாவு). டாக்கிங் (கணினியில் கூறைப் புரதத்தில் பொருத்திப் பார்ப்பது) மதிப்பெண் மைனஸ் 9 என்று அட்டவணை போடுவது இலக்கை நிரூபிப்பது ஆகாது, அது யூகத்துக்கு உதவும் கருவி.

முதலில் செல் சுழற்சி. 16–24 மணி நேர மருந்துக்குப் பின் 70 சதவீத எத்தனாலில் பதப்படுத்தி, ஆர்.என்.ஏஸ் சேர்த்து, புரோப்பிடியம் அயோடைடால் சாயமேற்றி ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் கருவியில்) பாருங்கள். ஜி2/எம் கட்டத்தில் குவிந்தால் டியூபுலினை (மைக்ரோடியூபுல் என்ற செல் இழையின் புரதத்தை) சந்தேகிக்கலாம். தூய டியூபுலின் 3 மி.கி./மி.லி., ஜி.டி.பி. (GTP) 1 மில்லிமோலார், 37 டிகிரி, 340 நானோமீட்டர்: பாக்ளிடாக்செல் போல வளைகோட்டை ஏற்றுகிறதா, வின்பிளாஸ்டின் போலப் படுக்கவைக்கிறதா என்று அரை மணியில் தெரிந்துவிடும். பாக்ளிடாக்செலின் கட்டமைப்பு 1971-இல் வெளியானது. அது மைக்ரோடியூபுலைக் கலையவிடாமல் இறுக்குகிறது என்று சூசன் ஹார்விட்ஸ் 1979-இல் காட்டிய பிறகுதான் அந்தக் கூறுக்கு மறுவாழ்வு. வெறும் ‘இன்னொரு செல்கொல்லி’யாக இருந்தது புது வழிமுறை கொண்ட மருந்தானது, 1992-இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. ஒப்புதலும் பெற்றது.

சிறு மாற்றம் இலக்கையே மாற்றும் என்பதையும் நினைவில் வையுங்கள். போடோஃபில்லோடாக்சின் டியூபுலினைப் பிடிக்கும். அதிலிருந்து சர்க்கரை சேர்த்து உருவாக்கிய எட்டோபோசைடு டோபோஐசோமரேஸ்-2 என்ற என்சைமைப் பிடிக்கிறது. மூலக்கூறின் வழிமுறையை அதன் வழித்தோன்றலுக்கு அப்படியே எழுதிவிட முடியாது.

கைனேஸ் (புரதத்தில் பாஸ்பேட் சேர்க்கும் என்சைம்) தடுப்பான் என்று சந்தேகம் வந்தால் பொருத்தமான செல்களைத் தேர்ந்தெடுங்கள். இலக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற வளர்ச்சி ஏற்பி என்று வைத்துக்கொள்வோம். பி.சி.-9 செல் அந்த ஏற்பியின் எக்சான் 19 இழப்பை நம்பியே வாழ்வது, அந்த ஏற்பியைத் தடுக்கும் மருந்தான ஜெஃபிடினிப் சில பத்து நானோமோலாரில் அதை வீழ்த்தும். எச்1975 டி790எம் மாற்றத்தால் ஜெஃபிடினிபைத் தாங்கும், அடுத்த தலைமுறை மருந்தான ஓசிமெர்டினிபுக்கு விழும். ஏ549 கே.ராஸ் மாற்றத்தில் ஓடுவது, இரண்டையும் பெரிதாகப் பொருட்படுத்தாது. உங்கள் கூறு மூன்றையும் ஒரே செறிவில் கொன்றால், டாக்கிங் படம் எவ்வளவு வண்ணமயமாக இருந்தாலும், செல்லைக் கொல்வது ஈ.ஜி.எஃப்.ஆர். வழியாக அல்ல.

வெஸ்டர்ன் பிளாட்டில் (குறிப்பிட்ட புரதத்தை ஆன்டிபாடியால் தேடும் சோதனையில்) நேரம்தான் எல்லாம். ஏ549-ஐ 0.5 சதவீத சீரத்தில் ஓரிரவு பட்டினி போட்டு, மருந்தோடு 1–2 மணி நேரம் வைத்து, ஈ.ஜி.எஃப். 100 நானோகிராம்/மி.லி. 10 நிமிடம், உடனே பனிக்கட்டியில், பாஸ்ஃபடேஸ் தடுப்பானோடு செல்லை உடைத்து, டைரோசின் 1068-இன் பாஸ்பேட்டைத் தேடுங்கள். 24 மணி நேரம் கழித்துப் பார்த்து ‘பாஸ்பேட் குறைந்தது’ என்று எழுதுவதில் பயனில்லை. சாகிற செல்லில் எல்லாப் பாஸ்பேட்டும்தான் குறையும்.

சுண்டெலிக்குப் போவதற்கு முன் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், தாங்கக்கூடிய உச்ச அளவு, ரத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்ற அளவீடு, இந்த மூன்றும் கையில் இருக்க வேண்டும். கட்டி 100–150 கன மில்லிமீட்டர் ஆனபின் குலுக்கல் முறையில் குழு பிரித்து, எந்தக் குழு என்று தெரியாதவர் காலிப்பரால் அளக்க வேண்டும். உடல் எடை 20 சதவீதம் குறைந்தால் அந்த விலங்கை நிறுத்திவிட வேண்டும்.

நஞ்சு அதிகமென்று தோற்ற கூறுகள்

இங்கேதான் இயற்கைக் கூறும் இலக்குநோக்கு சிகிச்சையும் சந்திக்கின்றன. கேம்ப்டோதீசின் 1966-இல் சீன மரமொன்றில் வால், வானி என்ற வேதியியலாளர்களின் குழுவால் பிரிக்கப்பட்டது. சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த வேதியியலாளர் டி.ஆர். கோவிந்தாச்சாரியும் விசுவநாதனும் 1972-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் நோதாபோடைட்டஸ் மரத்தில் அதைக் கண்டார்கள். கரையவேண்டும் என்று சோடியம் உப்பாக்கிக் கொடுத்தபோது லாக்டோன் வளையம் திறந்து செயல் போனது, நச்சு மட்டும் நின்றது. வளையத்தைக் காத்து, கரைதிறனை வேறு இடத்தில் சேர்த்த டோபோடீகானும் இரினோடீகானும் 1996-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றன. அதே குடும்பத்து வழித்தோன்றல் ஒன்றை, புற்று செல்லின் மேலுள்ள ஹெர்2 என்ற ஏற்பியைப் பிடிக்கும் ஆன்டிபாடியோடு கோத்ததுதான் 2019-இல் ஒப்புதல் பெற்ற டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டீகான். எத்தியோப்பியச் செடியில் 1972-இல் குப்சன் பிரித்த மேடன்சின் தனியாகக் கொடுத்தால் தாங்கமுடியாத நஞ்சு. அதன் வழித்தோன்றல் 2013-இல் டிராஸ்டுசுமாப் எம்டான்சினாகத் திரும்பி வந்தது.

ஆகவே நானோமோலாருக்குக் கீழே கொல்லும், ஆனால் எலியையும் கொல்லும் கூறைக் குப்பையில் போடாதீர்கள். மைக்ரோமோலாரில் கொல்லும் கூறுக்கு ஆன்டிபாடியில் கோக்கும் இந்த வழி உதவாது. செல்லின் மேல் எத்தனை ஏற்பி உண்டோ, ஓர் ஆன்டிபாடி எத்தனை மூலக்கூறு சுமக்குமோ, அதற்கு மேல் உள்ளே போகாது. டிராஸ்டுசுமாப் எம்டான்சின் சுமப்பது சராசரியாக 3.5, டெருக்ஸ்டீகான் 8.

பழகுவதற்கு விலைக்குக் கிடைக்கும் மேலிமைடு (ஆன்டிபாடியின் தயோலைப் பிடிக்கும் கொக்கி) வகை எம்.எம்.ஏ.இ. என்ற செல்கொல்லி நல்லது. கடல்வாழ் டோலாஸ்டாட்டினின் வழித்தோன்றல் அது. ஆன்டிபாடி 5 மி.கி./மி.லி., பி.எச். 7.4, ஈ.டி.டி.ஏ. 1 மில்லிமோலார். டி.சி.இ.பி. (ஆன்டிபாடியின் தயோலைத் திறக்கும் ஒடுக்கி) இரண்டரை மடங்கு மோல், 37 டிகிரியில் 2 மணி நேரம். குளிரவைத்து மருந்து 5–6 மடங்கு மோல், டி.எம்.எஸ்.ஓ. 10 சதவீதத்துக்குள், ஒரு மணி நேரம். மிஞ்சியதை என்-அசிட்டைல் சிஸ்டீனால் அணைத்து, உப்பு நீக்கும் கட்டையில் ஓட்டுங்கள். இரட்டைக் கையுறை, மூடிய ஹூட், கழிவுக்குத் தனிப் பாத்திரம், எல்லாம் கட்டாயம். பொடி நிலையில் எடைபோடவே கூடாது, குப்பியிலேயே கரைத்து எடுங்கள்.

டி.சி.இ.பி. அதிகமானால் ஆன்டிபாடிக்கு ஆன்டிபாடி 2, 4, 6, 8 என்று சுமை ஏறி, எட்டு ஏறியது திரளத் தொடங்கும். நீர்வெறுப்பால் பிரிக்கும் எச்.ஐ.சி. கட்டையில் சராசரிச் சுமையையும், அளவால் பிரிக்கும் எஸ்.இ.சி. கட்டையில் திரளையும் பாருங்கள். திரள் 5 சதவீதம் தாண்டினால் அந்தத் தொகுதி செல்லுக்குப் போகக்கூடாது, திரண்ட ஆன்டிபாடியை ஏற்பி இல்லாத செல்லும் விழுங்கும்.

செல் சோதனை 72 மணியில் போதாது, ஐந்து நாள் வையுங்கள். ஏற்பி பிடித்து, உள்ளே இழுத்து, லைசோசோமில் பிணைப்பு அறுந்து, பிறகுதான் கொல்லும். ஹெர்2 மிகுந்த எஸ்.கே.-பி.ஆர்.-3, ஹெர்2 இல்லாத எம்.டி.ஏ.-எம்.பி.-468, இரண்டிலும் நான்கு கட்டுப்பாடு: வெறும் ஆன்டிபாடி, வெறும் மருந்து, இரண்டும் கோக்காமல் கலந்தது, செல்லில் எதையும் பிடிக்காத ஆன்டிபாடியில் கோத்தது. டிராஸ்டுசுமாப் மட்டுமே எஸ்.கே.-பி.ஆர்.-3-இன் வளர்ச்சியைக் குறைக்கும் என்பதால் முதலாவதை விட்டால் எதையும் நம்ப முடியாது. ஹெர்2 இல்லாத செல்லும் செத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கட்டுறாத மருந்து. அது மொத்தத்தில் 1 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று எச்.பி.எல்.சி.யில் பாருங்கள். இருந்தும் சாகிறது என்றால் பிணைப்பு மீடியத்திலேயே அவிழ்கிறது: மேலிமைடு பிணைப்பு மெல்லத் திரும்பி, மருந்து சீரத்தின் அல்புமினுக்குத் தாவும். மனித பிளாஸ்மாவில் 37 டிகிரியில் ஏழு நாள் வைத்து, 0, 1, 3, 7-ஆம் நாட்களில் ஆன்டிபாடியை மட்டும் இழுத்தெடுத்து மீதிச் சுமையை அளந்தால் எவ்வளவு தாவியது என்று எண்ணாகத் தெரியும்.